வரப்பில் உட்கார்ந்தவர்

இன்றைய பேப்பரின் ஆறாம் பக்கத்தில் ஒரு படம் போட்டிருக்கிறார்கள். இரண்டு நாடுகள் சேர்ந்து எரிவாயுக் குழாய் போடுவதைப் பற்றிப் பேசி முடித்துவிட்டனவாம். மேசைக்குப் பின்னால் ஆட்கள் வரிசையாக நிற்கிறார்கள். எண்ணினேன், பதினோரு பேர். கை குலுக்குவது இரண்டு பேர். மீதி ஒன்பது பேரும் கேமராவைப் பார்க்கிறார்கள். எங்கள் வீட்டுச் சிலிண்டருக்குப் பதிவு செய்து இன்றோடு பதினேழு நாள் ஆகிறது. எங்கோ கடலில் கப்பல் நிற்கிறது என்று ஏஜென்சியில் சொல்கிறார்கள். அந்தக் கப்பலுக்கும் அரியலூரில் என் அடுப்புக்கும் நடுவில் எத்தனை பேர் ஒருவரோடு ஒருவர் பேசியாக வேண்டும் என்று யோசித்தால் தலை சுற்றுகிறது. அப்படிப் பேச வைக்கத் தெரிந்த ஒரே ஒரு ஆளைத்தான் நான் நேரில் பார்த்திருக்கிறேன். அவர் இந்தப் படத்தில் இல்லை.

திருமானூர்ப் பக்கம் அவரைக் குழாய்க்காரர் என்று சொல்வார்கள். ஆறு வருஷத்துக்கு முன்னால் எங்கள் வயல்கள் வழியாக எரிவாயுக் குழாய் புதைக்க வந்தபோது, கம்பெனிக்கும் நிலத்துக்காரர்களுக்கும் நடுவில் பேசுவதற்காக அவரை வைத்திருந்தார்கள். அறுபதை நெருங்கிய வயது. எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டைதான், மணிக்கட்டுப் பொத்தானும் போட்டிருப்பார். இருபத்திரண்டு வருஷம் பாலைவனத்தில் வேலை பார்த்ததில் வந்த பழக்கம் என்பார். தோளில் ஒரு துணிப்பை. அதில் டீ ஃபிளாஸ்க் ஒன்று, எவர்சில்வர் டம்ளர் இரண்டு. மூன்றாவது டம்ளர் எப்போதும் கிடையாது. நான் பார்த்தவரை அந்த டீயை அவர் குடித்ததும் இல்லை.

வயலில் யாரோடு பேசினாலும் வரப்பின் மேல்தான் உட்காருவார். நாற்காலி கொண்டுவந்து போட்டாலும் கும்பிட்டுவிட்டு வரப்புக்கே போய்விடுவார். கரும்பு வயலுக்கும் நெல் வயலுக்கும் நடுவில் ஒன்றரை அடி அகலத்தில் குந்தியிருப்பார். இந்தப் பக்கத்து நிலத்தில் உட்கார்ந்தால் அந்தப் பக்கத்துக்காரன் அதைப் பார்த்துக்கொண்டிருப்பான் என்பது அவர் கணக்கு.

அவர் முதல் முதலாக என் வீட்டுக்கு வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. மூன்று பக்கத்துக்குக் குறிப்பு எழுதி வைத்திருந்தேன், மொத்தம் பத்தொன்பது விஷயங்கள். அவர் தண்ணீர் வாங்கிக் குடித்தார். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒன்றாவது விஷயத்தைத் தொடங்கினேன். அவர் கையை லேசாக உயர்த்தினார்.

“சார், உங்க தம்பி என்ன சொல்றாரு? அத மொதல்ல நீங்க சொல்லுங்க.”

“அவன் சொல்றத அவனைப் போய்க் கேளுங்க. என்னை ஏன் கேக்கறீங்க?”

“கேட்டேன் சார். நல்லா சொன்னாரு. இப்ப நீங்க சொல்லுங்க.”

எனக்கு ஆத்திரம் வந்தது. மாட்டேன் என்றேன். சரிங்க சார் என்று எழுந்து போய்விட்டார். பத்தொன்பதில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை.

என்ன தகராறு என்று சொல்லிவிடுகிறேன். திருமானூருக்கு அருகில், கொள்ளிடத்துப் பாசனத்தில், எங்கள் அப்பா விட்டுப்போன நிலம். கிழக்குப் பாதி எனக்கு, மேற்குப் பாதி தம்பிக்கு. என் பாதியின் ஓரத்தில் அப்பா காலத்துக் கிணறு, அதை ஒட்டி மோட்டார் கொட்டகை. தம்பி தன் பாதியில் வீடு கட்ட மூலைக்கல் நட்டு வைத்திருந்தான். குழாய்க்காக வந்த வரைபடத்தில் கோடு நேராகக் கிணற்றின் மேலேயே விழுந்திருந்தது. குழாய் போகிற பட்டைக்குள் கிணறும் இருக்கக் கூடாது, வீடும் கட்டக் கூடாது. அதாவது கிணற்றைத் தூர்க்க வேண்டும். நான் மனுக் கொடுத்தேன்: கோட்டை மேற்கே தள்ளுங்கள். தள்ளினால் அது தம்பியின் வீட்டு மனையில் விழும். அவன் பதில் மனுக் கொடுத்தான்: கிணற்றுக் கொட்டகைக்கும் என் மூலைக்கல்லுக்கும் நடுவில் முப்பத்தெட்டுத் தப்படி இருக்கிறது, குழாயை நடுவில் கொண்டு போகலாம், யாருக்கும் சேதமில்லை.

முப்பத்தெட்டு இல்லை. முப்பத்தொன்று. நான் அரசாங்கப் புள்ளியியல் ஆபீசில் முப்பத்தொரு வருஷம் பயிர்க் கணக்கெடுத்தவன். உடையார்பாளையத்திலிருந்து பெரம்பலூர் வரைக்கும் வயல் வயலாகத் தப்படி போட்டு நடந்த கால் இது. என் தப்படிக்கும் டேப்புக்கும் ஒரு கையகலம் வித்தியாசம் வந்தால் அதிகம். குழாய்ப் பட்டைக்கு வேண்டிய அகலம் என் தப்படிக்கு முப்பத்தைந்து. முப்பத்தொன்றில் அது போகாது. ஏழு தப்படியை எங்கிருந்து கொண்டுவந்தான்? பொய் சொல்கிறான் என்று இன்னொரு மனு எழுதினேன். அவன் மனுவை வாபஸ் வாங்கும்வரை சர்வேயர் டேப்போடு என் நிலத்தில் கால் வைக்கக் கூடாது என்றேன். அவனும் அதையே சொன்னான். எங்கள் இருவரால் இரண்டு பக்கமும் வேலை வந்து நின்றது.

அதற்குமுன் பதினோரு வருஷமாக நாங்கள் பேசவில்லை. காரணம் அந்தக் கிணற்று மோட்டார்தான். மும்முனை மின்சாரம் வருகிற நேரத்தைப் பாதி பாதியாகப் பிரித்து இறைத்துக்கொண்டிருந்தோம். அவன் எத்தனை நிமிடம் ஓட்டுகிறான் என்று நான் ஒரு நோட்டில் எழுதி வந்தேன். ஒரு கல்யாண வீட்டில், பந்தி நடக்கும்போது, பேச்சு வளர்ந்து, அந்த நோட்டை எடுத்துச் சொந்தக்காரர்கள் நடுவில் படித்தேன். ஒரு மாதத்தில் அவன் கூடுதலாக ஓட்டியது நானூற்றுப் பத்து நிமிடம். கணக்கு சரிதான். அவன் இலையை மடித்துவிட்டு எழுந்து போனான். அடுத்த மாதமே தன் பாதியில் தனியாக போர்வெல் போட்டுக்கொண்டான். பிறகு எந்த விசேஷத்திலும் அவன் உட்கார்ந்திருக்கும் பக்கம் நான் போவதில்லை, அவன் எழுவதற்குள் நான் வெளியே வந்துவிடுவேன். அவனைப் பற்றி என்னிடம் எதுவும் சொல்ல வேண்டாம் என்று வீட்டிலும் உறவிலும் சொல்லி வைத்திருந்தேன். சொன்னபடியே யாரும் சொல்லவில்லை.

குழாய்க்காரர் எல்லோரிடமும் இப்படித்தான் என்பது எனக்குப் போகப் போகத் தெரிந்தது. பக்கத்து ஊரில் ஒரு அம்மாவுக்கு ஒன்றே கால் ஏக்கர் கரும்பு. கையெழுத்துப் போட மாட்டேன் என்று நின்றார். பெரம்பலூரில் வாடகை வீட்டில் தங்கியிருந்த கம்பெனி எஞ்சினியர் ஒரு இளைஞர், ஜீப்பில் வந்து இறங்கி அவசரப்பட்டார். குழாய்க்காரர் வரப்பில் உட்கார்ந்து இரண்டு டம்ளரிலும் டீ ஊற்றினார். பிறகு எஞ்சினியரிடம், அந்தம்மா ஏன் வேண்டாம் என்கிறார் என்று நீங்கள் சொல்லுங்கள் என்றார்.

கரும்பு நிற்கிறது, அதனால்தான், என்றார் எஞ்சினியர். தை மாதம் வெட்டிவிடுவார்கள், வெட்டியதும் தோண்டிக்கொள்கிறோம், பிரச்சினை தீர்ந்தது.

அந்த அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். “வெட்டிட்டா முடிஞ்சு போச்சா? மறுதாம்பு யாரு தம்பி வுடுறது, ஒங்க ஜீப்பா?”

வெட்டிய கட்டையிலிருந்து மறுபடி கரும்பு துளிர்த்து வரும், நடவுச் செலவில்லாமல் வருகிற அந்த இரண்டாவது கரும்புதான் அவருக்கு லாபமாகக் கையில் நிற்பது என்பது எஞ்சினியருக்கு அன்றுதான் தெரிந்தது. உடனே குழாய்க்காரர் அந்த அம்மாளின் பக்கம் திரும்பி, இப்போது இந்தத் தம்பிக்கு என்ன கஷ்டம் என்று சொல்லுங்கள் யக்கா என்றார். அந்த அம்மாள் யோசித்து, மழைக்கு முன்னால் மூடாவிட்டால் பள்ளத்தில் தண்ணீர் நிற்கும், மேலே இருக்கிறவன் இவரைத் திட்டுவான் என்றார். எஞ்சினியர் முகம் மாறிவிட்டது. ஆமாங்க, தினம் ரெண்டு தடவை திட்டு வாங்கறேன் என்றார். மறுதாம்பும் வெட்டி முடிந்த பிறகு, அடுத்த மழைக்குள், என்று முடிவாயிற்று. நான் பக்கத்து வரப்பிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். மொத்தம் நாற்பது நிமிடம். அதில் குழாய்க்காரர் பேசியது ஏழு வாக்கியம்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் திருமானூர் பஸ் ஸ்டாப்பில் வைத்துக் கேட்டேன். பஸ் வர நேரமாகும் என்பதால் சொன்னார். பாலைவனத்தில் இரண்டு நாட்டு எல்லையில் ஒரு மீட்டர் ரூம் இருந்ததாம். அந்தப் பக்கத்து நாட்டிலிருந்து இந்தப் பக்கத்து நாட்டுக்குக் குழாயில் எரிவாயு வரும். எந்த நாடு என்று சொல்ல மாட்டார். ‘இந்தப் பக்கம்’, ‘அந்தப் பக்கம்’, அவ்வளவுதான். அவர் அங்கே மீட்டரின் கண்ணாடியைத் துடைக்கும் உதவியாள். நாளும் காலையில் இரண்டு பக்கத்திலிருந்தும் ஒவ்வொரு ஆபீசர் வந்து மீட்டரைப் பார்க்க வேண்டும். ஒருவர் பார்த்துச் சொல்ல மற்றவர் எழுதுவார். பிறகு அவர் பார்த்துச் சொல்ல இவர் எழுதுவார். தன் கணக்கைத் தானே எழுதிக்கொள்ளக் கூடாது என்பது அங்கே விதி.

“நடுவுல ரெண்டு நாட்டுக்கும் சண்டை வந்துருச்சு சார். தூதருங்களயெல்லாம் திருப்பிக் கூப்டுக்கிட்டாங்க. ரேடியோவுல ஒரே ஏச்சு. இவங்க ரெண்டு பேரு மட்டும் காலையில வந்து நம்பர் படிப்பாங்க. வாயு ஒரு நாளும் நிக்கல.”

“ஒரு நாளும் நிக்கலையா? எத்தனை நாள் அப்படி?”

“நான் எண்ணல சார். நிக்காதத எப்படி எண்ணுறது?”

அந்தச் சண்டைக் காலத்தில் ஒருநாள் அந்தப் பக்கத்து ஆபீசர் வரவில்லை. இந்தப் பக்கத்தவர் மத்தியானம்வரை காத்திருந்தார். மீட்டர் கையெட்டும் தூரத்தில்தான் இருந்தது, தனியாகப் பார்க்கவில்லை. பிறகு ஃபிளாஸ்கில் டீயும் இரண்டு டம்ளரும் கொடுத்து நம் குழாய்க்காரரை எல்லைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் அனுப்பினாராம். அந்தப் பக்கத்தவரின் மகளுக்குக் காய்ச்சலாம், வரத் தாமதமாகி வழியில் இருந்திருக்கிறார். இரண்டு டம்ளரையும் ஏன் கொடுத்தார் என்று கேட்டேன். ஒரு டம்ளர் கொடுத்தால் அது தானம் சார் என்றார். அதற்குள் பஸ் வந்துவிட்டது.

இதெல்லாம் கட்டுக்கதை, அந்த ஆள் அங்கே கேம்ப்பில் சமையல் வேலை பார்த்தவன் என்று ஊரில் இரண்டு பேர் சொன்னார்கள். கம்பெனிக்காரன் என்று சொன்னவர்கள் நிறையப் பேர். கம்பெனியில் அவரை ஊர்க்காரன் என்றார்களாம். எது உண்மை என்று நான் விசாரித்ததில்லை. விசாரிக்காமல் நான் விட்ட விஷயங்கள் குறைவு, அதில் இது ஒன்று.

என் வீட்டுக்கு ஐந்து தடவை வந்தார். ஒவ்வொரு தடவையும் அதே கேள்வி. பெரம்பலூரில் நடந்த விசாரணையில் அதிகாரி சொல்லிவிட்டார், இரண்டு வாரத்தில் அண்ணன் தம்பி ஒத்துப்போகாவிட்டால் வரைபடத்தில் இருக்கிறபடியே கோடு போகும், கிணற்றை மூடிவிடலாம் என்று. அன்றும் தம்பி முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான், நான் முதலில் எழுந்து வந்துவிட்டேன். அதற்குப் பிறகு எனக்குத் தூக்கமில்லை. கிணற்றில் முப்பத்தாறு படி. சின்ன வயதில் அதில் தம்பியை முதுகில் சுமந்து இறங்கியிருக்கிறேன். ஐந்தாவது தடவை அவர் வந்தபோது சொல்லிவிட்டேன்.

“கொட்டகைக்கும் கல்லுக்கும் நடுவுல முப்பத்தெட்டுத் தப்படி இருக்குன்னு சொல்றான். பொய் சொல்றான்.”

“பொய்னு அவரு சொல்லலயே சார். அது நீங்க சொல்றது. அவரு சொல்றத மட்டும் சொல்லுங்க.”

கண்ணாடியைக் கழற்றினேன். பிறகு, முப்பத்தெட்டுத் தப்படி இருக்கிறது என்று சொல்கிறான், என்றேன். அவ்வளவு போதும் என்று எழுந்தார். நாளைக் காலையில் வயலுக்கு வரச் சொன்னார், ஒரே ஒரு வேலைதான், உங்கள் தம்பி நடப்பார், நீங்கள் எண்ண வேண்டும் என்றார். எண்ணுவது என்றால் நான் மறுக்க மாட்டேன் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

காலை ஏழரைக்குப் போனேன். குழாய்க்காரர் வரப்பில் இருந்தார். தம்பி மோட்டார் கொட்டகைச் சுவரில் முதுகைச் சாய்த்து நின்றான். தலை நரைத்திருந்தது. நடங்க என்றார் குழாய்க்காரர். தம்பி நடந்தான். நான் எண்ண ஆரம்பித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவதில்தான் கவனித்தேன். இடது கால் முன்னே போகிறது, வலது கால் மடங்காமல் பக்கவாட்டில் வளைந்து வந்து பாதி தூரத்திலேயே ஊன்றுகிறது. எண்ணிக்கையை விடவில்லை, விடத் தெரியாது எனக்கு. மூலைக்கல்லில் கை வைத்து அவன் நின்றபோது முப்பத்தெட்டு.

அதற்கு நான்கு வருஷம் முன்னால் கல்லங்குறிச்சிக் கோயில் திருவிழாவுக்குப் போய்விட்டு வரும்போது டூவீலரிலிருந்து விழுந்திருக்கிறான். தொடையில் கம்பி வைத்திருக்கிறார்கள். இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில், அதுவும் அரியலூரிலேயே, என் வீட்டிலிருந்து நடந்தால் ஆயிரத்து இருநூறு தப்படிக்குள் இருக்கிற ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறான்.

அடுத்து நீங்கள் நடங்கள் சார், தம்பி எண்ணட்டும் என்றார் குழாய்க்காரர். நான் நடந்தேன். தம்பி சத்தமாக எண்ணினான். முப்பத்தொன்று. அவன் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். தன் தப்படி குட்டையாகிவிட்டது என்பது அவனுக்கும் அதுவரை உறைத்திருக்கவில்லை. நான்தான் குறைத்துச் சொல்கிறேன் என்று நினைத்திருக்கிறான். அப்போதுதான் சர்வேயரைக் கூப்பிட்டு டேப் போட்டார்கள். என் கணக்குதான் சரி, வேண்டியதற்கு நான்கு தப்படி குறைகிறது. கணக்கு சரியாக வந்து எனக்கு மகிழ்ச்சி வராத நாள் அது ஒன்றுதான்.

தம்பி கல்லை இரண்டு தப்படி பின்னால் நகர்த்துவது, நான் மோட்டார் கொட்டகையைப் பிரித்து இரண்டு தப்படி உள்ளே வைப்பது என்று பேச்சு வந்தது. தம்பி கல்லைப் பார்த்தபடியே கேட்டான். பதினோரு வருஷத்துக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் பேச்சு.

“ரெண்டு தப்படின்னா, என் தப்படியா, அண்ணன் தப்படியா?”

“உன் தப்படியே வச்சுக்கடா. மிச்சத்த நான் பாத்துக்கறேன்.”

கொட்டகையைப் பிரித்துக் கிணற்றின் மறுபக்கம் கொண்டு போய்விட்டேன். குழாய்க்காரர் இரண்டு டம்ளரிலும் டீ ஊற்றி முதலில் தம்பியிடம் நீட்டினார். பிறகு என்னிடம்.

திரும்பி வரும்போது அவரிடம் கோபித்துக்கொண்டேன். கால் விஷயம் உங்களுக்கு முதல் நாளே தெரியும் அல்லவா, ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஐந்து தடவை அலைந்திருக்க வேண்டாமே என்றேன். அவர் நடையை நிறுத்தவில்லை.

“சொல்லியிருந்தா நீங்க இன்னொரு மனு எழுதியிருப்பீங்க சார். கால் சரியில்லாதவரு அளந்தது செல்லாதுன்னு.”

மரியாதையாகத்தான் சொன்னார். எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. எழுதியிருக்க மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். எழுதியிருப்பேன். வாக்கியம் உட்பட அவர் சொன்னபடியேதான் எழுதியிருப்பேன். அவரிடம் எனக்கு இருந்த பிரியத்தோடு அன்றுமுதல் ஒரு பயமும் சேர்ந்துகொண்டது. என் பக்கத்து நியாயத்தை மட்டுமல்ல, என்னிடம் இருக்கிற சின்னப் புத்தியையும் அவர் எனக்கு முன்பே அளந்து வைத்திருந்தார்.

குழாய் புதைத்து மண்ணை மூடினார்கள். மஞ்சள் அடையாளக் கம்பங்கள் நட்டார்கள். கிணற்றடியில் நின்றால் ஏழு கம்பம் தெரியும். வேலை அடுத்த மாவட்டத்துக்கு நகர்ந்ததும் குழாய்க்காரரும் போய்விட்டார். தம்பி வீட்டுக் குடிபுகலுக்குப் பத்திரிகை வைக்க அவரைத் தேடினோம். அவர் கொடுத்த போன் நம்பர் வேறு யாருக்கோ போயிருந்தது. எல்லோரையும் எதிராளியின் கஷ்டத்தைச் சொல்லச் சொன்னாரே, அவருடைய கஷ்டம் என்ன என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. வீடு எங்கே, பிள்ளைகள் எத்தனை என்பதுகூட எனக்குத் தெரியாது. எத்தனை என்று நான் கேட்காமல் விட்ட ஒரே மனிதர்.

போன கோடையில் தம்பியின் போர் வற்றிவிட்டது. கிணற்றில் பன்னிரண்டாவது படிவரை தண்ணீர் நின்றது. மறுபடி மோட்டாரைப் பாதி பாதியாக ஓட்டுகிறோம். இரண்டு நோட்டு வைத்திருக்கிறோம். நான் ஓட்டிய நிமிடத்தை நான் சொல்ல, தம்பி எழுதுவான். அவன் ஓட்டியதை அவன் சொல்ல, நான் எழுதுவேன். யார் முதலில் சொன்னது என்று நினைவில்லை, இருவருமே அதைப் பற்றிப் பேசியதும் இல்லை.

இன்று காலை பேப்பரை வயலுக்குக் கொண்டு போயிருந்தேன். தம்பி படத்தை வாங்கித் தூரத்தில் பிடித்துப் பார்த்தான். நம்மாள் இருக்காரா என்றான். எண்ணிட்டேன், இல்லை என்றேன். பிறகு நோட்டை எடுத்தான். நேற்று நான் முறைக்கு மேல் பத்து நிமிடம் ஓட்டிவிட்டேன். ஐம்பது நிமிடம் என்று சொன்னேன். அவன் எழுதிவிட்டு நோட்டை மூடப் போனபோது எட்டிப் பார்த்தேன். நாற்பது என்று இருந்தது.

“டேய், அம்பதுன்னு சொன்னேன்.”

“காதுல விழுந்துச்சுண்ணே” என்றான். நோட்டை இடுப்பில் செருகிக்கொண்டு, வலது காலை வளைத்து வளைத்து வைத்தபடி, மஞ்சள் கம்பத்தைத் தாண்டி அவன் வீட்டுக்கு நடந்தான்.

நான் எண்ணவில்லை.